ஹியூமும் கரித்துண்டும்: எல்லாவற்றையும் சந்தேகித்தவரிடம் கற்க என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 10

நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பதற்குக்கூட நிரூபணம் இல்லை என்று சொன்னவர் டேவிட் ஹியூம். காரணம் என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை என்றார். ‘நான்’ என்று தேடினால் எதுவும் அகப்படவில்லை என்றார். எல்லாவற்றையும் இடித்துவிட்டு எதையும் கட்டாமல் போன ஒருவரை அறிவொளிக் காலத்தின் பெரிய தத்துவவாதி என்று ஏன் கொண்டாடுகிறார்கள்? அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் ஒருவன் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

2025 ஜனவரி 11

சூரியன் உதிக்காது என்று ஹியூம் சொல்லவில்லை. உதிக்கும் என்று அவரும் நம்பினார். அந்த நம்பிக்கையை எந்தத் தருக்கமும் நமக்குத் தரவில்லை, பழக்கம்தான் தந்தது என்பதே அவர் சொன்னது. ‘நாளை சூரியன் உதிக்காது’ என்ற வாக்கியத்தில் முரண்பாடு ஏதும் இல்லை. ‘முக்கோணத்துக்கு நான்கு பக்கங்கள்’ என்பதைப் போல அது தன்னைத்தானே வெட்டிக்கொள்வதில்லை. இதுவரை உதித்தது, ஆகவே இனியும் உதிக்கும் என்று சொல்லும்போது அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். கேள்வி அவ்வளவுதான், ஆனால் அவருக்கு முன் அதை இவ்வளவு கூர்மையாக ஐரோப்பாவில் எவரும் கேட்டிருக்கவில்லை.

ஹியூம் பில்லியர்ட்ஸ் பந்துகளை உதாரணமாகக் காட்டுவார். நான் பில்லியர்ட்ஸ் ஆடியதில்லை; எங்கள் தெருப் படிப்பகத்தில் கேரம் ஆடியிருக்கிறேன். ஸ்ட்ரைக்கர் ஓடுகிறது, காயைத் தொடுகிறது, காய் ஓடுகிறது. ஒரு மாலை முழுவதும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் கவனித்தேன். ஓட்டம் தெரிகிறது, தொடுவது தெரிகிறது, ‘டக்’ என்ற ஓசை கேட்கிறது, மறுபடி ஓட்டம் தெரிகிறது. காய் ஓடியே ஆக வேண்டும் என்ற அந்தக் கட்டாயம் மட்டும் எங்கும் தென்படவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. பலகை ஈரம் வாங்கியது, பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியது, குழிக்குப் போக வேண்டிய காய் பாதி வழியில் நின்றது. ஆடிக்கொண்டிருந்த சிறுவன் பலகையை ஓங்கித் தட்டினான். அவனுக்கு ஏன் கோபம் வந்தது? நூறு முறை பார்த்த பழக்கம் அவனுக்குள் ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்கியிருந்தது. கட்டாயம் என்று நாம் அழைப்பது காயில் இல்லை, அந்தச் சிறுவனுக்குள் இருந்தது என்பதே ஹியூமின் பதில்.

2025 ஜனவரி 14

ஹியூமின் வாழ்க்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விடுமுறையாதலால் நிதானமாக எழுதுகிறேன்.

பிறந்தது 1711இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். வளர்ந்தது இங்கிலாந்து எல்லையை ஒட்டிய நைன்வெல்ஸ் என்ற குடும்பப் பண்ணையில். இரண்டு வயதில் தந்தை இறந்தார். தாய் மறுமணம் செய்யாமல் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். சொத்து மூத்தவருக்குப் போகும் குடும்பம். இளையவரான டேவிட் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சட்டம் படிக்கச் சொன்னார்கள். சட்டப் புத்தகங்களைப் படிப்பதாக வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தபோது தான் பழைய ரோமானிய எழுத்தாளர்களான சிசரோவையும் வர்ஜிலையும் விழுங்கிக்கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

பதினெட்டு வயதில் ஒரு புதிய சிந்தனைக் களம் திறந்ததைக் கண்டார், அதிலேயே மூழ்கினார், சில மாதங்களில் உடலும் மனமும் ஒருசேரத் தளர்ந்தன. 1734இல் ஒரு மருத்துவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்திருக்கிறது. தத்துவ வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையான நோய்க் குறிப்பு வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது; அது என்னைத் தொட்டது. படிக்க முடிகிறது, நினைக்க முடிகிறது, ஆனால் நினைத்ததைத் தொடர்ச்சியாகக் கோத்து எழுத முடியவில்லை என்று ஓர் இளைஞன் அதில் முறையிடுகிறான். கல்லூரி முடித்த ஆண்டில் எனக்கும் அப்படி எட்டு மாதங்கள் கழிந்தன. சோம்பல் என்று வீட்டில் பெயர் வைத்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த நாளில்தான் ஹியூம் எனக்குப் பாடப்புத்தகப் பெயராக இருப்பது நின்றது.

பிரிஸ்டலில் ஒரு சர்க்கரை வணிகரிடம் சில மாதங்கள் எழுத்தர் வேலை பார்த்தார், ஒத்துவரவில்லை. குறைந்த செலவில் வாழலாம் என்று பிரான்சுக்குப் போனார். 1735 முதல் 1737 வரை லா ஃபிளெஷ் என்ற சிற்றூரில் இருந்தார். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் படித்த இயேசு சபைக் கல்லூரி அங்கேதான் இருந்தது. மனித இயல்பைப் பற்றிய தம் முதல் பெருநூலின் பெரும்பகுதியை அங்கே எழுதினார். லண்டன் பதிப்பாளர் அதிகபட்சம் ஆயிரம் படிகள் அச்சிட ஒப்புக்கொண்டு 50 பவுண்டு கொடுத்தார். 1739இல் ஆசிரியர் பெயரில்லாமல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 27. அச்சகத்திலிருந்து செத்தே பிறந்தது என்று அந்த நூலைப் பற்றி அவரே பின்னாளில் எழுதினார். ஆயிரம் படிகளும் அவர் காலத்தில் விற்றுத் தீரவில்லை.

2025 ஜனவரி 15

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். 1739இல் வந்தவை முதல் இரண்டு பாகங்கள் மட்டுமே. அறவியலைப் பற்றிய மூன்றாம் பாகம் 1740இல் வேறொரு பதிப்பாளர் வழியாக வந்தது.

2025 ஜனவரி 19

‘இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்று நம்பாவிட்டால் விவசாயி விதைக்கவே மாட்டானே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான கேள்வி. ஹியூமும் இதையே தமக்கு எதிராக எழுப்பிக்கொண்டார். விதைப்பதை அவர் தடுக்கவில்லை. எதை நம்பி விதைக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்.

எங்கள் தாத்தா காலத்துக் கிணறு ஒன்று உண்டு. வற்றாத கிணறு என்று ஊரே சொல்லும். நாற்பது ஆண்டுகள் நானே பார்த்திருக்கிறேன், எந்தக் கோடையிலும் தண்ணீர் இருந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சித்திரையில் வாளி அடிக்கல்லில் மோதிய ஓசையைக் கேட்டேன். மேலே நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வற்றாது என்பதற்கு நாங்கள் வைத்திருந்த ஒரே சான்று அதுவரை வற்றவில்லை என்பதுதான். சுற்றிலும் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின, எத்தனை கண்மாய்கள் தூர்ந்தன என்பதையெல்லாம் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, மாதத்தின் முதல் ஞாயிறன்று கிணற்றுக்குள் இறக்கி, எத்தனை முடிச்சுகள் நனைகின்றன என்று ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். நம்பிக்கையை விடவில்லை, அதற்கு ஓர் அளவு வைத்துக்கொண்டேன்.

எதையும் கட்டாமல் போனார் என்கிறீர்களே, அவர் கட்டியது இந்த அளவைத்தான். அறிவுள்ளவன் தன் நம்பிக்கையைச் சான்றின் அளவுக்கு ஏற்ப வைத்துக்கொள்வான் என்பது மனித அறிவாற்றலைப் பற்றி 1748இல் வெளிவந்த அவருடைய நூலில், அற்புதங்களைப் பற்றிய அதிகாரத்தில் வரும் கருத்து. இறந்தவர் எழுந்தார் என்று ஒருவர் சாட்சி சொன்னால், அது நடந்திருக்கும் வாய்ப்பையும், சொல்பவர் ஏமாந்திருக்கவோ ஏமாற்றியிருக்கவோ உள்ள வாய்ப்பையும் இரு தட்டுகளில் வைத்துப் பார் என்றார். இன்று கைபேசியில் வந்து விழும் ஒவ்வொரு செய்தியையும் நான் இந்தத் தராசில்தான் வைக்கிறேன்.

2025 ஜனவரி 27

இதையெல்லாம் எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1697இல், தாமஸ் எய்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவர் தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். ஹியூம் காலத்தில் தூக்குக் கயிறு இல்லை. கதவுகள் மட்டும் அடைபட்டன. 1745இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கைநழுவியது. சில ஆண்டுகள் கழித்து கிளாஸ்கோவிலும் அதுவே நடந்தது. பின்னாளில் பல தலைமுறைகள் பாடமாகப் படித்த அந்த மனிதர் ஒரு நாளும் பேராசிரியராக இருந்ததில்லை. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவையில் அவரை விசாரிக்க வேண்டும் என்ற முயற்சி 1750களின் நடுவில் எழுந்தது. நண்பர்களாக இருந்த மிதவாதப் போதகர்கள் அதைத் தடுத்தார்கள். 1761இல் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை அவருடைய நூல்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

1752இல் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் நூலகர் பதவி கிடைத்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் நூல்கள் கொண்ட அந்த நூலகத்தை வைத்துத்தான் இங்கிலாந்து வரலாற்றை ஆறு பாகங்களாக எழுதினார். அவருக்குப் பணமும் புகழும் தந்தது அதுதான். நூலகத்துக்கு அவர் வாங்கிய மூன்று பிரெஞ்சு நூல்களைத் தகாதவை என்று மேற்பார்வையாளர்கள் நீக்கினார்கள். அதனால் அவர் வேலையை விட்டார்.

2025 ஜனவரி 28

கடைசி வரி தவறு. 1754இல் அந்த அவமதிப்பு நடந்தபோது அவர் வேலையை விடவில்லை. வரலாறு எழுத அந்த நூல்கள் தேவைப்பட்டதால் பதவியில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு 40 பவுண்டு சம்பளத்தைக் கண் பார்வையற்ற கவிஞர் தாமஸ் பிளாக்லாக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டார். பதவி விலகியது 1757இல். சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தால் அடங்கிப்போனதாக ஆகியிருக்கும், விலகியிருந்தால் நூல்கள் போயிருக்கும். இரண்டையும் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார் என்பது உண்மையான செய்தி. நான் அவசரத்தில் எழுதியது அதைக் கெடுத்துவிட்டது.

2025 பிப்ரவரி 3

‘நான் என்று தேடினால் ஏதோ ஓர் உணர்வுதான் அகப்படுகிறது, நான் அகப்படவில்லை’ என்ற ஹியூமின் கருத்து பௌத்தத்திலிருந்து வந்தது என்றும், புதுச்சேரி வழியாகப் போனது என்றும் ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இதில் எவ்வளவு உண்மை என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

உளவியலாளர் அலிசன் கோப்னிக் 2009இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தப் பேச்சு தொடங்குகிறது. சார்ல்ஸ் பிரான்சுவா தொலு என்ற இயேசு சபைத் துறவி 1687இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போனவர். பிறகு பல ஆண்டுகள் புதுச்சேரியில் இருந்தவர். முதுமையில் லா ஃபிளெஷ் கல்லூரியில் வாழ்ந்தவர். ஹியூம் அந்த ஊரில் இருந்தபோது அவரும் இருந்தார். அற்புதங்களைப் பற்றிய தம் வாதம், அந்தக் கல்லூரியின் சுற்று மண்டபத்தில் படிப்பும் அறிவும் உள்ள ஒரு துறவியோடு பேசிக்கொண்டு நடந்தபோது தோன்றியது என்று 1762இல் ஹியூமே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். அந்தத் துறவியின் பெயரை அவர் எழுதவில்லை.

இருவரும் ஒரே ஊரில் இருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆன்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அவர் கண்ட மண்டபத்துக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு கோடு இழுக்க எனக்கும் ஆசைதான். ‘நான்’ என்பதைப் பௌத்தம் பிரித்துக் காட்டும் ஐந்து கந்தங்களைப் பற்றி மணிமேகலையில் படித்தவன் எவனுக்கும் அந்த ஆசை வரும். கோப்னிக்கே இதை ‘இருந்திருக்கக்கூடுமா’ என்ற கேள்வியாகத்தான் வைத்தார். ‘வந்தது’ என்று நாம் எழுதிவிட்டால், எந்த மனிதரைப் பெருமைப்படுத்த நினைக்கிறோமோ அவருடைய அளவுகோலையே ஒடிக்கிறோம்.

2025 பிப்ரவரி 16

இந்தக் குறிப்பை எழுத இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

தேச மக்களின் இயல்புகளைப் பற்றி ஹியூம் எழுதிய கட்டுரை 1748இல் வெளிவந்தது. 1753 பதிப்பில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். கறுப்பின மக்கள் இயல்பிலேயே வெள்ளையருக்குத் தாழ்ந்தவர்கள் என்று தாம் ஐயுறுவதாகவும், அவர்களிடையே நாகரிகமோ கலையோ அறிவியலோ இருந்ததில்லை என்றும் அதில் எழுதினார். ஜமைக்காவில் கற்றறிந்த கறுப்பர் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்களே என்று தாமே எடுத்துக்கொண்டு, அது சில சொற்களைத் தெளிவாகச் சொல்லும் கிளியைப் புகழ்வது போன்றதாக இருக்கலாம் என்று தள்ளிவிட்டார். அவர் குறிப்பிட்டது ஃபிரான்சிஸ் வில்லியம்ஸை. வில்லியம்ஸ் எழுதிய லத்தீன் கவிதை இன்றும் இருக்கிறது; புத்தக அலமாரிக்கு முன்னால் உலக உருண்டையோடு அவர் நிற்கும் ஓவியம் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்காமலே, படிக்காமலே, கேள்விப்பட்டதை வைத்து ஒரு மனிதரைக் கிளியாக்கினார்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் கணக்கு ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, ‘உங்க தெருவுல யாருக்குடா கணக்கு வந்திருக்கு, உனக்கு வர?’ என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பல ஆண்டுகள் கழித்து இந்த அடிக்குறிப்பைப் படித்தபோது அந்தக் குரல் அப்படியே திரும்பிக் கேட்டது. வாதத்தின் வடிவம் ஒன்றேதான்: இதுவரை இல்லை, ஆகவே இயல்பிலேயே இல்லை. அந்தத் தெருவுக்குப் பள்ளிக்கூடம் எத்தனை தலைமுறைக்கு முன் வந்தது, மாலையில் அவன் எந்த விளக்கில் படித்தான் என்று ஆசிரியர் கேட்கவில்லை. சங்கிலியில் கட்டிக் கரும்புக் காட்டுக்கு ஓட்டப்பட்டவர்களுக்கு அறிவியல் செய்ய எந்த அறை இருந்தது என்று ஹியூம் கேட்கவில்லை. ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று உலகத்தையே கேட்டவர், தாம் எழுதிய அந்த ‘ஆகவே’யைக் கேட்காமல் விட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

1766இல் கிரெனடாத் தீவில் அடிமைகளைக் கொண்ட தோட்டங்களை வாங்குவது பற்றி, முன்பு பாரிஸ் தூதரகத்தில் தமக்கு மேலிருந்த ஹெர்ட்ஃபோர்டு பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதமும் வெளிவந்திருக்கிறது. பண்டைய ரோமின் அடிமைமுறையைக் கொடுமை என்று எழுதிய அதே கை அது. எடின்பரோ பல்கலைக்கழகம் 2020இல் தன் உயரமான கட்டடத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது. அந்த முடிவை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

2025 பிப்ரவரி 17

‘அந்தக் காலத்து மனிதர், அப்படித்தான் நினைத்திருப்பார்’ என்ற பதில் போதாது. அதே ஸ்காட்லாந்தில், அவர் உயிரோடு இருந்தபோதே, 1770இல் ஜேம்ஸ் பீட்டி இந்த அடிக்குறிப்பை எடுத்துவைத்து மறுத்தார். ஓர் இனத்துக்கு இது இயலாது என்று சொல்ல இவருக்கு என்ன சான்று இருக்கிறது என்று கேட்டார். தத்துவத்தில் பீட்டி ஹியூமின் முழங்காலுக்கும் எட்டாதவர். இந்த ஓர் இடத்தில் அவர் நேராக நின்றார். ஹியூம் பிற்பாடு குறிப்பைத் திருத்தினார். ஆனால் நஞ்சு அதிலேயே இருந்தது. 1764இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டும், 1774இல் ஜமைக்காவின் தோட்ட முதலாளிகளுக்காக எழுதிய எட்வர்ட் லாங்கும் அந்தக் குறிப்பை எடுத்தாண்டார்கள். செல்வாக்கு என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

2025 மார்ச் 2

மற்றச் செல்வாக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹியூமின் நினைவுதான் தம்மை வறட்டுக் கோட்பாட்டு உறக்கத்திலிருந்து எழுப்பியது என்று 1783இல் கான்ட் எழுதினார். சார்பியலைக் கண்டடைவதற்குச் சற்று முன்பு ஹியூமின் முதல் நூலை ஆர்வத்தோடு படித்ததாக 1915இல் ஐன்ஸ்டைன் ஒரு கடிதத்தில் சொன்னார். ‘நேரம்’ என்ற சொல்லை இனிமேல் ஆராயத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தபோது அதை மறுபடி ஆராயும் துணிவு வர அந்தப் படிப்பு உதவியிருக்கிறது. ஆதம் ஸ்மித் அவருடைய நெருங்கிய நண்பர்.

ஆனால் இந்தப் பெயர்களைவிட, 1776 ஜூலை 7ஆம் தேதி என் மனத்தில் ஆழமாக நிற்கிறது. வயிற்று நோயால் பருத்த உடல் வற்றிப்போய், இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்து, வீட்டில் இருந்தார் ஹியூம். எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் பார்க்க வந்தார். சாகும் நேரத்திலாவது மறுமையை நம்புகிறாரா என்று தெரிந்துகொள்ளவே அவர் வந்தார். மறுமை இருக்க வாய்ப்பே இல்லையா என்று கேட்டார். நெருப்பில் போட்ட கரித்துண்டு எரியாமல் இருக்கவும்தான் வாய்ப்பு உண்டு என்றார் ஹியூம்.

அந்த ஒரு பதிலுக்குள் அவருடைய நாற்பது ஆண்டு உழைப்பும் இருக்கிறது. கரி எரிந்தே தீர வேண்டும் என்று எந்தத் தருக்கமும் கட்டளையிடவில்லை. அதை ஐரோப்பாவுக்குச் சொன்னவரே அவர். எரியாமல் போகும் என்று நம்பி எவரும் நெருப்பில் கை வைப்பதில்லை. அதுவும் அவர் சொன்னதே. இல்லாமல் போவது பற்றி அச்சம் இல்லையா என்று பாஸ்வெல் தொடர்ந்தார். பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்தது எவ்வளவு வருத்தியதோ அவ்வளவுதான் என்று பதில் வந்தது. பாஸ்வெல் கலங்கியே திரும்பினார். ஆகஸ்ட் 25ஆம் தேதி ஹியூம் இறந்தார். அந்த மரணத்தின் அமைதியை மதித்து ஆதம் ஸ்மித் எழுதிய கடிதம், தம் பொருளாதார நூல் வாங்கித் தந்ததைவிடப் பத்து மடங்கு வசையை வாங்கித் தந்ததாக அவரே பிறகு சொன்னார்.

என் தந்தை சிவபக்தர். தேவாரம் பாடாமல் சாப்பிட உட்கார மாட்டார். அவருடைய கடைசி வாரத்தில் பார்க்க வந்த உறவினர் ஒருவர் கட்டிலருகே குனிந்து, ‘பயமா இருக்கா மாமா?’ என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, ‘மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேளு’ என்றார். பக்தரும் நாத்திகரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பாஸ்வெலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த உறவினரின் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது. கேட்டவருக்குத்தான் அன்று பயம் இருந்தது.

2025 மார்ச் 3

ஹியூமைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது என்று, முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். இறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன் அவர் எழுதிய தன்வரலாறு சில பக்கங்கள்தான்; அதை முதலில் படியுங்கள். அடுத்து 1748 நூலின் நான்காம், ஐந்தாம் அதிகாரங்களுக்குப் போங்கள். 1739 நூலை அப்புறம் எடுங்கள். அதன் முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். தம் ஐயங்களாலேயே இருண்டுபோன நிலையில், நண்பர்களோடு சாப்பிட்டு, பேக்கமன் ஆடி, மூன்று நான்கு மணி நேரம் சிரித்துவிட்டுத் திரும்பினால் அந்த ஐயங்கள் வெளிறித் தெரிகின்றன என்று அவர் எழுதுகிறார். அதற்குப் பிறகும் அவர் அந்த ஐயங்களுக்கே திரும்பினார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜனவரிக் குறிப்பில் சொன்ன கிணற்றைப் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். அதில் மறுபடி தண்ணீர் இருக்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் அதை இப்போதும் வற்றாத கிணறு என்றுதான் சொல்கிறார். நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. கயிற்றை இறக்கி எடுத்தேன், ஒன்பது முடிச்சுகள் நனைந்திருந்தன.